பொட்டிப்புரமும் புழுதிப் பசங்களும்

பெங்களூர்ல பொட்டி தட்டுறவனுக்குப் பொட்டிப்புரத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க. அம்மா பொறந்த ஊர் அதுக்குப் பக்கம்தான். தேவாரம், ராசிங்கபுரம் ஏரியா. வாசல்ல நின்னு மேற்கால பார்த்தா மலைதான்.

முதல்ல ஒரு வாக்குமூலம். நானும் ஒரு புழுதிப் பையன். வீட்டுல கத்தக் கத்த லோன் போட்டு ஹிமாலயன் வாங்கினவன். தார் ரோடு முடியிற இடத்துலதான் எனக்குச் சனிக்கிழமையே ஆரம்பிக்கும்.

எங்க கும்பலோட வாட்ஸப்ல இப்ப ஒரு ஒப்பாரி ஓடுது. "அங்க கேட் போட்டுட்டான், இங்க குழி வெட்டிட்டான். பொது நிலம்தானே, நம்ம வரிப்பணம்தானே, எவன்டா மூடுறது?" போன வருஷம் வரைக்கும் இதுக்கு நானும் பின்பாட்டு பாடினேன். இனிமே பாட மாட்டேன். ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் கும்முங்க.

தீபாவளி லீவுல ஆபீஸ் பசங்களோட நாலு வண்டியில ஊருக்குப் போனேன். மலையடிவாரத்துல ஓடைக்கரையில இருந்து சரிவுல ஏறிப் போற மாட்டுத் தடம் ஒண்ணு உண்டு. மழை பேஞ்சு மண்ணு நல்லா பதமா இருந்துச்சு. பல்லு வச்ச டயரை வச்சுக்கிட்டு காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஏறி எறங்கினோம். வீடியோ போட்டோம், லைக் குவிஞ்சுது. அடுத்த வாரங்கள்ல எங்கெங்கிருந்தோ வண்டிங்க வர ஆரம்பிச்சுதாம்.

பொங்கலுக்குப் போனா தடத்துக்குக் குறுக்கே பெரிய குழி. யாரு வெட்டினதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எதுக்கு வெட்டினதுங்கறதுல மட்டும் ஊருக்குள்ள ரெண்டு பேச்சு இல்ல. தாய்மாமா மலைமாடு வச்சிருக்கார். ரெண்டு மாசமா சுத்திச் சுத்தி ஓட்டிட்டுப் போயிருக்கார். சரிவுல நாங்க கிழிச்ச கோட்டுல மழைத்தண்ணி இறங்கி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் ஆகிக் கெடக்கு. அவர் என்னை வையல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "உனக்கு இந்தத் தடம் இல்லாட்டி இன்னொரு தடம் மாப்ள. எனக்கு இருக்கது இது ஒண்ணுதான்யா."

வாட்ஸப் புரட்சியாளர்களே, இதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?

'பொது நிலம்'னா யாருமில்லாத நிலம்னு நினைச்சுக்கறோம். புறம்போக்குங்கறதை வசவாவே ஆக்கிட்டோம். வருவாய்க் கணக்குல அது வரி விதிப்புக்குப் புறம்பா, பொதுவுக்குன்னு வச்ச நிலம். மேய்ச்சல், மந்தை, ஓடை, சுடுகாடு எல்லாம் அதுக்குள்ள வரும். யாருக்கும் பட்டா இல்லைன்னா எல்லாருக்கும் பங்கு இருக்குன்னு அர்த்தம். மொதல்ல வந்து கிழிக்கிறவனுக்குச் சொந்தம்னு அர்த்தமில்லை.

பொட்டிப்புரம்னு தேடினா நியூட்ரினோ ஆய்வகம்தான் வந்து நிக்கும். அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்புக் கருவின்னு திட்டம். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஒதுக்கின நிலம் 26.825 ஹெக்டேர், அதாவது சுமார் 66 ஏக்கர். நாமெல்லாம் நெட்டுல அறிவியலா சூழலியலான்னு அடிச்சுக்கிட்டு இருந்தப்ப ஊர்க்காரங்க கேட்டதுல ஒரு கேள்வி, "மாட்டை எங்க ஓட்டுறது?" அந்தத் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம்னு ஏறி இறங்குச்சு. புலி நடமாடுற வழின்னு காரணம் சொல்லி அனுமதி தர முடியாதுன்னு 2022 பிப்ரவரியில தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துல சொல்லிடுச்சு. இந்திய அரசாங்கமே பதில் சொல்ல வேண்டியிருந்த மலையில, சைலன்சரை மாத்திக்கிட்டு வந்த நம்மளை ஒருத்தரும் கேள்வி கேக்கக் கூடாதாம். நல்லா இருக்குல்ல நியாயம்?

"அப்ப கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் மூடுறது சரியா?"ன்னு கேப்பீங்க. சரியில்லை. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

2018 மார்ச் 11. குரங்கணிக் காட்டுத்தீயில மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. உடனே மலையேற்றத்துக்குத் தடை, அதே வருஷம் புது விதிமுறை. 2024 அக்டோபர்ல 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோட, உள்ளூர் வழிகாட்டிகளோட அரசே திறந்துச்சு. குரங்கணி–சாம்பலாறும் அதுல உண்டு. ஆக, மூடின பாதையை விதி போட்டுத் திறக்கவும் முடியும்.

மாட்டுக்காரர் கதை வேற. 2022 மார்ச்சில சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாத்துலயும் மேய்ச்சலுக்குத் தடை போட்டுச்சு. அப்புறம் அதே மாசம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு திருத்துச்சு. மேகமலைப் பக்கம் மாடு வச்சிருந்தவங்களுக்கு அந்தத் திருத்தத்தாலயும் பிரயோஜனமில்லை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமைன்னுதான் சொல்லுது. டிக்கெட் எடுத்து வர்றவனுக்குப் பாதை கிடைக்குது, தலைமுறை தலைமுறையா நடந்தவன் அலையறான். இதைக் கேக்கறதுக்கு நம்ம கும்பல்ல ஒரு வாய் இல்ல. நம்ம வண்டியை மறிச்சாத்தான் 'உரிமை'ன்னு வார்த்தையே வரும்.

"அமெரிக்காவைப் பாரு, காட்டுக்குள்ள ஜாலியா ஓட்டுறான்"னு யூட்யூப் காட்டுறவங்களுக்கு ஒரு தகவல். பொது நிலத்துல இந்த வண்டிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி 1972லயே நிக்சன் ஆணை போட்டார். மண்ணு, காட்டு விலங்கு, அங்க வர்ற மத்தவங்க, எல்லாத்துக்கும் சேதம் குறையிற மாதிரிதான் தடம் குறிக்கணும். அவங்க வனத்துறையோட 2005 விதிப்படி வரைபடத்துல குறிச்ச பாதையில மட்டும்தான் ஓட்டணும். வரைபடத்துல இல்லைன்னா மூடினதுன்னே அர்த்தம்.

முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எஞ்சினியரிங் படிச்ச மூளையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க. ஜீப்பை நிறுத்த ரெண்டு கல் நட்டாப் போதும், மாடு நடுவுல நுழைஞ்சு போயிடும். பைக்கை நிறுத்த என்ன பண்ணுவீங்க? மாடு நுழையிற சந்துல பைக்கும் நுழையும். அப்ப நம்மளைத் தடுக்கணும்னா மாட்டையும் சேர்த்துத்தான் தடுத்தாகணும். நமக்காக வெட்டுற ஒவ்வொரு குழியிலயும் விழறது மாமா மாதிரி ஆளுங்கதான். அந்தத் தடம் திறந்திருக்கணும்னா நாமளா வண்டியை நிறுத்தணும். வேற வழியே கிடையாது.

அதனால நான் கேக்கறது மூணுதான்.

1. மாட்டுத் தடம், ஓடை, மலைக்கோயில் பாதை, இதுல வண்டியை ஏத்தாதீங்க. இடம் தெரியற மாதிரி வீடியோவும் போடாதீங்க.

2. ஓட்ட இடம் வேணும்னா கேட்டு வாங்குவோம். தரிசாக் கெடக்குற பட்டா நிலத்தைக் காசு கொடுத்து எடுக்கலாம். புறம்போக்குன்னா கிராம சபையில போய் நின்னு கேப்போம். முடியாதுன்னா கிளம்புவோம்.

3. மூடுறவங்க எதுக்காக, எது வரைக்கும், யாருக்கு விலக்குன்னு தமிழ்ல ஒரு போர்டு வைக்கணும். அதுல முதல் விலக்கு மாட்டுக்காரருக்கு. இதுக்காகச் சண்டை போட்டா நானும் வர்றேன்.

நான் என் வீடியோவைத் தூக்கிட்டேன். போன மாசம் ஊருக்குப் போனப்ப வண்டியை வீட்டுலயே விட்டுட்டு மாமாகூட நடந்தேன். சுத்துப் பாதை, ஒரு மணி நேரம் கூடுதல். பாதி வழியிலயே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. அவர் தெனமும் நடக்கறார்.

டிஸ்கி: வண்டியை விக்கப் போறியான்னு யாரும் கேக்க வேண்டாம். லோன் இன்னும் 14 மாசம் பாக்கி :(