துப்பாக்கிக் கரி

சமையல் பாத்திரத்தில் பிடித்த கரியைப் போக்க நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் இருந்தால் போதும். துப்பாக்கிக் குழாய்க்குள் படியும் கரியோ அவ்வளவு சாமான்யமானதல்ல. ஒரு சாம்ராஜ்யம் ஆட்டங்கண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய வெடிமருந்தில் நூற்றுக்குச் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். அது எரிந்த பின் எடையில் பாதிக்கு மேல் புகைத்தூளாகவும் கசடாகவும் மிஞ்சுகிறது. சில தடவை சுட்டதும் குழாய் அடைபட்டு, அடுத்த குண்டை வாய் வழியாக உள்ளே இடித்து இறக்குவது பெரும் பிரயாசையாகிவிடும். 1853-ஆம் வருஷத்து என்பீல்டு துப்பாக்கியின் குழாயில் புரி வேறு வெட்டியிருந்தது. ஆகவே, குண்டு வழுக்கி இறங்கவும், கரி இறுகாமலிருக்கவும் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பைத் தடவினார்கள்.

ஆனால் கொழுப்பினால் கரி போய்விடாது. அந்தக் கசடில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும் உப்பு. வெந்நீர் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய் பூச வேண்டும். கழுவாமல் எண்ணெய் பூசினால், உப்பு அடியிலேயே தங்கி, ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கிவிடும். மேலே பளபளப்பு, உள்ளே அரிப்பு!

1857-இல் நடந்ததும் இதுவே. தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் இருப்பதாக இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருசாராரும் சந்தேகித்தனர். அதைப் பல்லால் கடித்தல்லவா கிழிக்க வேண்டும்? இஷ்டமான பொருளை அவர்களே தடவிக்கொள்ளலாம் என்று கும்பெனியார் அநுமதித்தனர். பயனில்லை. ஏப்ரல் 24-ந் தேதி மீரத்தில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9-ந் தேதி அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் புரட்சி மூண்டது.

தோட்டா ஒரு நிமித்தமே. 1856-இல் அயோத்தி ராஜ்யத்தைக் கும்பெனியார் பறித்துக்கொண்டனர். புதிதாய்ச் சேரும் சிப்பாய்கள் கடல் கடந்து போகவும் சம்மதிக்க வேண்டுமென்று அதே வருஷம் விதித்தனர். இப்படி நெஞ்சில் படிந்த கசடு எத்தனையோ! துப்பாக்கியைக் கழுவிய பிறகே எண்ணெய் பூச வேண்டுமென்று சிப்பாய்க்குக் கற்பித்தவர்கள், ராஜ்ய விவகாரத்தில் அந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள். ஆள்கிறவர்கள் யாராயிருந்தாலும், அநீதியைக் கழுவாமல் சலுகை என்னும் எண்ணெயை மட்டும் பூசினால், துரு நிற்கப்போவதில்லை என்பதே நம் அபிப்பிராயம்.