விசை யார் கையில்?

தகவல் பரவினால் அதிகாரமும் பரவும் என்பது இந்தியப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் நீண்ட காலமாகக் கேள்விக்கு ஆளாகாமல் உலவிவரும் நம்பிக்கை. தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியைச் சுட்டி இது சொல்லப்பட்டது. பிறகு கைப்பேசி வந்தது, முகநூல் வந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கட்டுரைத் தலைப்பில் கருவியின் பெயர் மாறுகிறது. முடிவுரை மட்டும் அப்படியே இருக்கிறது. உலகத் தொடர்பு அரசின் எல்லைகளைக் கரைக்கும், குடிமகன் பேசத் தொடங்குவான், அதிகாரம் கீழிறங்கும் என்பதே அந்த முடிவுரை. கேட்பதற்கு இனிமையான இந்த வாதத்தில் ஒரு சிறிய கேள்வி விடுபட்டுப் போகிறது: கம்பி யாருடையது? அதை அணைக்கும் விசை யார் கையில் இருக்கிறது?

இக்கேள்வியை இந்திய வரலாறு தொடக்கத்திலேயே எழுப்பிவிட்டது. கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி 1851இல் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அது துணைக்கண்டத்தின் முக்கிய நகரங்களை இணைத்தது. 1857 மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தபோது, தில்லித் தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி பறந்தது. அங்கிருந்து பஞ்சாபுக்குச் சென்றது. லாகூரில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கிளர்ச்சிச் செய்தி எட்டுவதற்கு முன்பே அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டுவிட்டன. அன்றைய உலகின் மிக விரைவான தொடர்புக் கருவி அதிகாரத்தைக் கரைக்கவில்லை. அதிகாரத்துக்கு இரண்டு நாள் முன்னிலை வாங்கிக் கொடுத்தது.

இந்தப் பாடத்தை ஆட்சியாளர்கள் மறக்கவில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், பொதுநெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் செய்திகளை இடைமறிக்கவும் நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. விடுதலைக்குப் பின் வந்த குடியரசு அச்சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. திருத்தித் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. ஆனால் தந்திச் சட்டம் பிழைத்திருந்தது. 2017இல் இணையத்தைத் துண்டிப்பதற்கான விதிகள் அச்சட்டத்தின்கீழ்தான் வகுக்கப்பட்டன. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதே சொற்களையும் அதே அதிகாரத்தையும் மறுபதிப்புச் செய்திருக்கிறது. கருவி தந்தியிலிருந்து ஒளியிழைக்கு மாறிவிட்டது. விசை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீர் சான்று. 2019 ஆகஸ்டு 5 அன்று ஜம்மு-காஷ்மீரின் தனித் தகுதி நீக்கப்பட்டபோது இணையம், கைப்பேசி, தரைவழித் தொலைபேசி யாவும் ஒருசேர அடங்கின. ஒரு நிலப்பகுதியின் அரசியல் தகுதி மாற்றப்படுவதை அந்நிலத்தின் மக்களைத் தவிர உலகம் முழுவதும் நேரலையில் பார்த்தது. அதிவேகக் கைப்பேசி இணையம் அங்கே முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். அதாவது பதினெட்டு மாதங்கள் கழித்து. பெருந்தொற்றுக் காலத்தில் நாடெங்கும் வகுப்பறைகள் திரைக்கு மாறியபோது அங்குள்ள மாணவர்கள் 2ஜி வேகத்தில் பாடம் கேட்க வேண்டியிருந்தது. உலகமயத் தொடர்பு குறித்த எந்த ஆய்வுக் கட்டுரையும் இந்தப் பதினெட்டு மாதங்களை விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட முடியாது.

மணிப்பூர் இன்னும் கடினமான சான்று. 2023 மே மாதம் வன்முறை வெடித்ததும் அங்கே இணையம் துண்டிக்கப்பட்டது. மே 4 அன்று பெண்கள் மீது நிகழ்த்தப்பட்ட கொடூரத்தைக் காட்டும் காணொளி ஜூலை 19 அன்றுதான் வெளியுலகுக்கு வந்தது. காவல் நிலையத்தில் புகார் மே மாதமே பதிவாகியிருந்தது. முதல் கைதோ காணொளி பரவிய மறுநாள் நடந்தது. உச்ச நீதிமன்றம் தானாகக் கவனித்ததும், பிரதமர் வாய் திறந்ததும் அதே நாளில்தான். தொடர்பின் ஆற்றலை நம்புவோர் இதைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுவர். அதில் பாதி உண்மை உண்டு. காணொளி அதிகாரத்தை அசைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எப்போது அசைக்கலாம் என்பதை எது தீர்மானித்தது? இரண்டரை மாத இருட்டு. வதந்தியைத் தடுக்க என்று சொல்லி அணைக்கப்பட்ட இணையம், குற்றத்தின் சாட்சியத்தையும் சேர்த்தே அணைத்தது.

இவற்றோடு ஒப்பிட அற்பமாகத் தோன்றும் வழக்கம் ஒன்றும் உண்டு. ராஜஸ்தானிலும் அசாமிலும் அரசுப் பணிக்கான தேர்வில் முறைகேட்டைத் தடுப்பதற்காக இணையம் நிறுத்தப்பட்டிருக்கிறது. வினாத்தாளைக் காக்க இயலாத நிர்வாகம் தேர்வெழுதாத லட்சக்கணக்கானோரின் வங்கிப் பரிமாற்றத்தையும் மருத்துவத் தொடர்பையும் பிழைப்பையும் நிறுத்துகிறது. நெருக்கடிக்கென வைக்கப்பட்ட விசை இப்படித்தான் அலுவலக வசதியாகிறது.

இத்தனைக்கும் கணக்கு உண்டா? 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு அளித்த அறிக்கை, நாட்டில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற பதிவேட்டை உள்துறை அமைச்சகமும் வைத்திருக்கவில்லை, தொலைத்தொடர்புத் துறையும் வைத்திருக்கவில்லை என்று வெளிப்படுத்தியது. ஒரு பாலம் மூடப்பட்டால் கோப்பு இருக்கும். ஒரு மாநிலத்தின் பேச்சு மூடப்பட்டதற்குக் கோப்பு இல்லை. தகவல் யுகத்தின் ஆட்சி தன் செயலைப் பற்றிய தகவலையே திரட்டாமல் இருப்பதைக் கவனக்குறைவு என்று கொள்வது பெருந்தன்மை. எண்ணப்படாத ஒன்றை எதிர்த்து வாதிட முடியாது என்பதை ஆட்சிகள் அறியும்.

அப்படியானால் தஹ்ரீர் சதுக்கம்? 2011இன் எகிப்து இல்லாமல் இந்த விவாதம் ஒருபோதும் முடிவதில்லை. அந்நிகழ்வின் நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் போதும். ஜனவரி 28 அன்று எகிப்து அரசு ஏறத்தாழ நாடு முழுவதும் இணையத்தை அணைத்தது. கூட்டம் கலையவில்லை, அன்றுதான் பெருகியது. முபாரக் பிப்ரவரி 11 அன்று பதவி விலகினார். இணையம் மக்களை அழைத்தது உண்மை. நிறுத்தி வைத்தது பள்ளிவாசலும் தெருவும் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும். இரண்டே ஆண்டுகளில் ஆட்சி மீண்டும் இராணுவத்தின் கைக்குப் போனபோது முகநூல் அங்கேயேதான் இருந்தது. கூட்டத்தைக் கூட்டும் கருவி ஆட்சியை நடத்தும் அமைப்பாகிவிடாது என்பதை எகிப்து தன் இழப்பால் கற்பித்தது.

விசை அரசிடம் மட்டுமே இருக்கிறது என்று எண்ணுவதும் பாதிப் பார்வையே. 2018இல் வாட்ஸப் வதந்திகளைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் ஓர் இந்தியர் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பு வந்தது. வரம்பு நியாயமானதாகவே இருக்கலாம். அதை விதித்தது எந்தச் சட்டமன்றம்? கலிஃபோர்னியாவில் தலைமையகம் கொண்ட ஒரு நிறுவனம். கோடிக்கணக்கான குடிமக்களின் பேச்சுக்கு அளவு குறிக்கும் உரிமை, வாக்கெடுப்பின்றி, விவாதமின்றி, மேல்முறையீட்டுக்கு வழியின்றி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உலகத் தொடர்பு அரசியல் அதிகாரத்தை உருமாற்றுகிறது என்ற கூற்று இந்தப் பொருளில் முற்றிலும் மெய். அதிகாரம் குடிமகனிடம் இறங்கவில்லை. தில்லியும் கலிஃபோர்னியாவும் அதைப் பங்கிட்டுக்கொண்டன.

வீட்டுக்குள்ளும் ஒரு விசை இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கும் ஆண்கள் 57 விழுக்காடு; பெண்கள் 33 விழுக்காடு. மணமாகாத பெண்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று சில சாதிப் பஞ்சாயத்துகள் தடை விதித்த செய்திகள் ஊரறிந்தவை. ‘குடிமகன் பேசத் தொடங்குவான்’ என்ற வாக்கியத்தில் ஆண்பால் விகுதி தற்செயலாக விழுந்ததன்று.

எனினும் அதிகாரம் கீழிறங்கிய தருணங்கள் இந்நாட்டில் உண்டு. அவை எங்கே, எப்படி நிகழ்ந்தன என்று பார்ப்பதே ஆய்வின் கடமை. 1994 டிசம்பரில், ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தன் முதல் ஜன் சுன்வாயை நடத்தியது. அங்கே இருந்தவை ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி, அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டிலிருந்தும் ரசீதுகளிலிருந்தும் எடுக்கப்பட்ட விவரங்கள். அவை ஊரார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரே கேட்டது. ‘இவர் வேலைக்கு வந்தாரா?’ என்ற கேள்விக்கு ஊரிடம் விடை இருந்தது. அந்தப் பந்தலிலிருந்து பியாவர் மறியலுக்கும், அங்கிருந்து 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் ஒரு நேர்ப்பாதை செல்கிறது. ஒலிபெருக்கிக்கு மேற்பட்ட தொழில்நுட்பம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அதே வருகைப் பதிவேடு முப்பது ஆண்டுகளில் எங்கே வந்து நின்றது என்று பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், தொழிலாளர்களை இடக்குறியீட்டோடு நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ஊழலை ஒழிக்கும் வெளிப்படைத்தன்மை என்று இது விளம்பரப்படுத்தப்பட்டது. சமிக்ஞை கிடைக்காத இடங்களில், படம் ஏறாத நாட்களில், உழைத்தவர்களின் கூலி தொங்கலில் நின்றது. ஊழலோ நிற்கவில்லை. வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே எடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. கோட் கிரானாவில் பதிவேடு அலுவலகத்திலிருந்து ஊருக்கு வந்தது. அதிகாரி பதில் சொன்னார். செயலியில் பதிவேடு ஊரிலிருந்து தில்லிக்குப் போகிறது. தொழிலாளி பதில் சொல்கிறார். ஆவணம் ஒன்றுதான். அது பயணிக்கும் திசையே அரசியல்.

ஆகவே தகவலின் அளவையும் வேகத்தையும் கொண்டு ஜனநாயகத்தை அளக்கும் ஆய்வுமுறை பிழையான தராசு. கேட்க வேண்டியவை மூன்று. தகவல் எத்திசையில் பாய்கிறது? அதைக் கேட்டவருக்குப் பதில் சொல்லச் சட்டத்தால் கட்டுண்ட அமைப்பு உண்டா? பதில் வராதபோது நிற்கும் மக்கள் சங்கம் உண்டா? இம்மூன்றும் இருந்த இடங்களிலெல்லாம் கருவியும் பயன்பட்டிருக்கிறது. இணையச் சமநிலைக்காக 2015இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சென்றன. பொதுமக்கள் கருத்தைக் கேட்டுப் பரிசீலிக்கும் கடமை அந்த ஆணையத்துக்கு இருந்ததால்தான் அவை வெறும் முழக்கமாகக் கரையாமல், பாரபட்சக் கட்டணத்தைத் தடுத்த 2016 பிப்ரவரி ஒழுங்குமுறைக்கு வழிவகுத்தன. 2020-21இன் விவசாயிகள் போராட்டத்தில் யூடியூபும் இருந்தது, ‘ட்ராலி டைம்ஸ்’ என்ற அச்சிதழும் இருந்தது. தில்லி எல்லையில் இணையம் துண்டிக்கப்பட்ட நாட்களிலும் முகாம்கள் கலையாமல் நின்றமைக்குக் காரணம், பல்லாண்டுகளாக ஊர் ஊராகக் கட்டப்பட்ட சங்கங்கள்.

இந்த மூன்றாம் துணையைத்தான் இப்போது அரிக்கும் வேலை நடக்கிறது. 2019இன் திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசு நிர்ணயிக்கும்படி செய்தது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் மூலம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) விலக்கைத் திருத்தி, தனிநபர் தகவலை வெளியிடுவதற்கு அங்கே இருந்த பொதுநலக் காரணத்தை நீக்கியது. வருகைப் பதிவேட்டில் இருப்பவையும் தனிநபர் பெயர்களே என்பதை நினைவில் கொண்டால், கோட் கிரானாவின் பந்தலுக்கு நேர்ந்திருப்பது விளங்கும். இணைய முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரம்பற்ற முடக்கம் செல்லாது என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு காஷ்மீரில் இணையத்தை உடனே திரும்பக் கொடுக்கவில்லை. சொல்லப்பட்ட நெறியையேனும் ஆட்சிகள் முறையாகப் பின்பற்றுகின்றனவா என்று கேட்பதற்குத் தேவையான பட்டியல்கூட முழுமையாக இல்லை.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது பல்கலைக்கழகங்களால் இயலாத காரியமன்று. ஒவ்வொரு முடக்க ஆணையையும் கேட்டுப் பெறலாம். மறுக்கப்பட்டால் மறுப்பைப் பதிவு செய்யலாம். முடங்கிய நாட்களில் நின்றுபோன கூலியையும் மருந்தையும் வழக்கையும் கணக்கெடுக்கலாம். உலகத் தொடர்பின் வாக்குறுதிகளைப் பற்றி இன்னொரு கருத்தரங்கு நடத்துவதைவிட இது கடினமான பணி. பணி உயர்வுக்கு உதவாத பணியும்கூட. ஆனால் அதிகாரத்தைப் பற்றிய அறிவு அங்கேதான் தொடங்குகிறது. விசை யார் கையில் இருக்கிறது, எத்தனை முறை அழுத்தப்பட்டது, யாரைக் கேட்டு அழுத்தப்பட்டது என்று எழுதி வைக்கத் துணியாத துறை, அதிகாரத்தின் உருமாற்றத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது.