வேலியும் உறவும்

மதுரையில் கோரிப்பாளையத்தைத் தென்கரை நகரோடு இணைக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் வையையில் நீர் பெருகும் நாள்களில், பாலத்தில் செல்வோர் சற்றே நின்று பார்த்து மகிழ்வர். அந்நீரின் வழியைத் தேடிச் சென்றால், அது மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் முடியும்.

காடு காப்பகமான வரலாறு

மதுரைச் சமவெளியின் வறட்சியைப் போக்க, மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினர். பென்னிகுவிக் கட்டிய அவ்வணை 1895இல் பயன்பாட்டிற்கு வந்தது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934இல் காப்பிடமாக்கியது. அக்காடு 1950இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் வளர்ந்தது. 1982இல் அதன் மையப்பகுதி பெரியாறு தேசியப் பூங்காவாயிற்று.

காவலரும் கள்வரும்

அறிவிப்புகள் எல்லைகளை வகுத்தன. ஆயினும் மரப்பட்டை உரிப்பதும் சந்தனம் வெட்டுவதும் வேட்டையும் நிற்கவில்லை. காட்டோரத்தில் வாழ்ந்த ஏழைகளுக்கு வேறு பிழைப்பு இல்லாதபோது, வேலி அவர்களைத் தடுக்கவில்லை. ஒளிந்து நுழையவே பழக்கியது.

1990களின் பிற்பகுதியில் நிருவாகம் வழியை மாற்றியது. பட்டை திருடியவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் ஆயினர். கள்ளத்தடங்களை அவர்களைவிட அறிந்தவர் யார்? மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர் சுற்றுலாப் பணிகளில் பங்கு பெற்றனர். ‘வசந்த சேனை’ என்னும் மகளிர் குழுவினர் 2002 முதல் முறைவைத்து, ஊதியமின்றிக் காட்டைச் சுற்றிக் காவல் புரிகின்றனர்.

மக்களை முற்றிலும் விலக்கினால்தான் காடு பிழைக்கும் என்பாரும் உளர். மட்டற்ற மேய்ச்சலும் விறகு வெட்டும் காட்டை அழிக்கும் என்பது உண்மையே. புலி உலவும் மையப்பகுதிக்கு அமைதியும் தேவை. எனினும், காட்டால் வாழ்வு பெறுவோர் அதன் அழிவைத் தம் இழப்பாகவே கருதுவர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் காட்டைப் பேணும் உரிமையை அங்கு வாழும் மக்களுக்கு வழங்குகிறது. எனவே, கண்காணிப்போடு பங்களிப்பும் சேர்வதே நல்ல மேலாண்மை.

மதுரையின் கடமை

வையை பிறக்கும் மலைப்பகுதியில் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அமைந்தது. தமிழகத்தில் இஃது ஐந்தாவது. பெரியாறு அரைநூற்றாண்டுக்கும் மேலாகத் தடுமாறிக் கற்ற பாடத்தை, இக்காப்பகம் தொடக்கத்திலேயே கைக்கொள்ளலாம். சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈகின்றன. அவை அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமே எஞ்சும்.

மலையில் காவல் நிற்பவரின் உழைப்பே சமவெளியில் குடிநீராகிறது. ஆகவே, காட்டைக் காப்போரின் கல்வி, மருத்துவம், வருவாய் ஆகியவற்றுக்காகக் குரல் கொடுப்பது நகரத்தாரின் கடன். அது நீருக்குச் செலுத்தும் நன்றியுமாகும்.