மோட்டார் வண்டியும் அதன் மென்பொருளும்

முப்பதாண்டு ஓடவல்ல வண்டியை விற்போர், பத்தாண்டும் நிலையாத கணினியொன்றின் துணையின்றி அதனைப் பழுதுபார்க்க இயலாதவாறு விற்பது முறையாகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இயந்திரத்தோடு என்ன உறவு என நம் நண்பர் சிலர் நகைப்பர், நகைக்கட்டும். எழுதிவைக்கப்பட்ட ஒன்றைப் படிக்கும் உரிமை பற்றிய வழக்கு இது. அதனைத் தமிழ் மாணாக்கர் பேசாது வேறு யார் பேசுவது?

முற்காலத்துக் காரில் பழுது காண்பதற்குக் கண்ணும் செவியும் கைப்பழக்கமும் போதியனவாக இருந்தன. பின்வந்த வண்டிகளிலோ எரிபொருள், பிரேக்கு, காற்றுப்பை, சாவி ஆகிய ஒவ்வொன்றையும் ஆளுகின்ற சிறு கணினிகள் பல அமைந்துள்ளன. அவை தாம் கண்ட குறைகளைக் குறியெண்களாகப் பதித்து வைக்கும். அவற்றைப் படித்தற்கு ஒரு கருவியும், அக்கருவியை இயக்கும் மென்பொருளும் வேண்டும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலெல்லாம் ஒரேவகைச் செருகுவாய் இருத்தல் வேண்டுமென்னும் விதி ஏற்பட்டது உண்மையே. ஆயின் அவ்விதி புகையால் விளையும் மாசினைக் கட்டுப்படுத்த எழுந்தது. ஆதலின் புகை பற்றிய குறியெண்களை எவர் கருவியும் படிக்கும்; காற்றுப்பையும் சாவியும் சொல்வதனைப் படிக்கவோ, பெரும்பாலும் அவ்வண்டியைச் செய்தவருடைய மென்பொருளையே நாடவேண்டும்.

அம்மென்பொருள் பழையதாயின் என்னாகும்? இங்கிலாந்தில் மக்லாரன் நிறுவனத்தார் 1990களில் எப் ஒன் என்னும் கார்களை 106 மட்டும் செய்தனர். அவற்றைப் பேணும் மென்பொருள் டாஸ் காலத்தது. காம்பாக் நிறுவனத்தின் எல்டிஇ 5280 என்னும் மடிக்கணினியில், அதற்கென்றே செய்த தனி அட்டையொன்றைச் செருகினாலன்றி இயங்காது. வண்டி பிறந்து இருபதாண்டு கழிந்து 2016இலும் அப்பழைய மடிக்கணினிகளையே அந்நிறுவனத்தார் தேடி வைத்திருந்தனர் என்பதும், புதிய கணினிக்கு ஏற்ற இணைப்பொன்றைச் செய்ய முயன்றனர் என்பதும் அவ்வாண்டில் பலரும் வியந்து பேசிய செய்தி. கோடிக்கணக்கில் விலைபெறும் வண்டிக்கு இத்துணைப் பணிவிடை நடப்பதில் வியப்பில்லை. எளியவர் வண்டியின் நிலை வேறு.

சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 2011 டிசம்பரில் நொடித்துப்போயிற்று. அதன் கார்களுக்கு டெக் டூ என்னும் கைக்கருவியும், டிஐஎஸ் 2000 என்னும் மென்பொருளும் வேண்டும். பிற்கால வண்டிகள் சிலவற்றில் வானொலிப் பெட்டியை மாற்றினாலும், புதுப்பெட்டியை அவ்வண்டிக்கு 'மணமுடித்து' வைக்கவேண்டும். (மணம் என்பது நாம் இட்ட பெயரன்று, தொழிலாளர் வழக்கு.) அம்மணத்தை நடத்திவைக்கும் மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. அவ்வியங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. உறுதியான உடலும் நல்ல எஞ்சினும் உடைய வண்டி, ஒரு பெட்டி பேச மறுப்பதனால் பழைய இரும்புக்குப் போவது எத்துணைப் பேதைமை!

புதுக்கணினி பழைய மென்பொருளை ஏன் ஏற்பதில்லை என்பதனைச் சிறிது விளக்குவோம். பதினாறு பிட் நிரல்களை அறுபத்துநான்கு பிட் விண்டோஸ் அறவே இயக்காது. மென்பொருள் முப்பத்திரண்டு பிட்டாயினும் அதனை நிறுவும் நிரல் பதினாறு பிட்டாக இருத்தல் உண்டு. வாயிலே திறவாதாயின் வீட்டினுள் புகுவதெங்ஙனம்? வண்டியோடு இணைக்கும் கருவிக்குரிய இயக்கி நிரலும் அந்தக் கணினிக்கென எழுதப்பட்டுக் கையொப்பமும் பெற்றிருத்தல் வேண்டும். பழையதனைச் சுமக்கப் புதியது உடன்படாது. இவற்றினும் நுட்பமானது காலம் பற்றிய தடை. பழைய கார்கள் பலவற்றில், கருவியானது முதற்கண் நொடிக்கு ஐந்து பிட் என்னும் ஆமைநடையில் வண்டியை அழைக்கும். வண்டி விடைதந்தபின், ஒரு நொடியின் ஆயிரத்தில் 25 முதல் 50 கூறு கழிவதற்குள் கருவி மறுமொழி கூறல் வேண்டும். பிந்தினால் வண்டி வாய்மூடிவிடும். பழைய கணினியின் தொடர்முனை இதனைத் தவறாது செய்தது. இடையே யுஎஸ்பி மாற்றியைச் செருகினால், அது செய்தியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இயல்பினால் சிறு தாமதம் நேர்கிறது, உரையாடல் முறிகிறது. மென்பொருள் கெட்டதென்று பலர் வருந்துவர், கெட்டது தாளமே.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. புதுக்கணினியினுள்ளே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதனுள் பழைய இயங்குதளத்தைக் குடியேற்றலாம். டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் என்பதும் உதவும். இவ்வாறு அமைத்த எக்ஸ்பியை இணையத்தோடு இணையாதிருத்தல் நலம். கையேடும் படங்களும் மட்டும் தரும் மென்பொருளாயின் இவ்வளவில் வெற்றி எளிது. வண்டியோடு பேசவேண்டியதாயின், தொடர்முனையுடைய பழைய கணினியொன்றை விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் குறுக்குவழி. ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம்: குறியெண்ணைப் படிப்பதில் இணைப்பு இடையே முறிந்தால் கேடில்லை, வண்டியின் கணினியில் புதிய நிரலை எழுதும்போது முறிந்தாலோ அக்கணினியே பாழாகலாம்.

ஆயின் இவ்வறிவெல்லாம் பூட்டின்முன் பயனிலவாம். மென்பொருள் சிலவற்றிற்குச் சிறு வன்பொருட் சாவி செருகல் வேண்டும். சில, விற்றவருடைய கணினியைத் தொலைவிலிருந்து அழைத்து இசைவு கேட்கும். அழைக்கப்பட்ட கணினி நிறுத்தப்பட்டபின், விலைகொடுத்து வாங்கியவரும் திருடரைப்போல் நிற்பர். 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்திற்கு வாக்களித்தனர். 2015இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத் தலைவர், வண்டியினுள் இருக்கும் நிரலின் பூட்டினை உரிமையாளர் பழுதுபார்க்கும் பொருட்டுத் திறத்தல் குற்றமன்று என விலக்களித்தார். வண்டிகளின் வழக்கை ஒரு நூலகத் தலைவர் தீர்த்தார் என்பது எமக்கு உவகை தருகிறது. ஆயினும் அவ்விலக்கு வண்டிக்குள் உள்ள நிரலைப் பற்றியது. பட்டறையிலுள்ள மென்பொருளின் பூட்டு பூட்டாகவே இருக்கிறது.

எம் கருத்து இது: ஆதரவை நிறுத்தும் நாளிலேயே நிறுவனத்தார் பூட்டில்லாத படியொன்றைப் பொதுவில் விடுதல் வேண்டும், நொடித்துப்போனாலும் இக்கடமை நடைபெறுமாறு, அப்படியினை முன்னரே பொதுநூலகமொன்றில் ஒப்படைக்கச் சட்டம் வகுத்தல் வேண்டும். கள்வர் கைக்குச் சாவி போய்விடுமே என்பார் கூற்றில் பொருளுண்டு. சாவி செய்யும் பகுதியைத் தனியே காத்து, தக்கார்க்கு மட்டும் வழங்குக. காற்றுப்பையின் குறையைப் படிப்பதனால் எவரும் எதனையும் களவாட இயலாது. தொழில் இரகசியம் என்பாரை, தாமே விற்பதை விட்டுவிட்ட பொருளில் இன்னும் காக்கக் கிடக்கும் இரகசியம் யாதென வினவுகிறோம். பனையோலை சில நூற்றாண்டில் இற்றுப்போம். நம் நூல்கள் பிழைத்தது ஓலையின் வலிமையாலன்று, இறுமுன் மற்றோர் ஓலையிற் பெயர்த்தெழுத எவரும் தடைசெய்யாமையால். கணினி ஓலையினும் விரைவில் இறுவது.

காலமும் சுருங்கிவருகிறது. பதினாறு பிட் நிரலை இயக்கவல்ல முப்பத்திரண்டு பிட் வடிவம் விண்டோஸ் 10 வரையே உண்டு; 2021இல் வந்த விண்டோஸ் 11 அறுபத்துநான்கு பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பட்டறைகளின் மூலையில் பழைய வட்டுகளும் பழைய மடிக்கணினிகளும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் படியெடுக்கத் தெரிந்தவரும் இன்னும் உளர்.