அடைவின்றித் தேடலாமா?
வலைச் செயலிகளிற் குறிப்புரைகளைக் கண்டறிதல் பற்றிய ஒரு மறுப்பு

கணனி நிரல்களைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு நகைப்பையும் விளைவிக்கலாம். “அது விஞ்ஞானபீடத்தார் தொழில், உமக்கு இலக்கியம் போதாதோ?” என்ற வினாவை இக்கட்டுரையை எழுதத் தொடங்கு முன்னரே எதிர்கொள்ள நேர்ந்தது. நிரலும் மனிதரால் எழுதப்பட்டு மனிதரால் வாசிக்கப்படும் ஒரு பிரதியே என்பதே எமது விடை. பிரதியொன்றிற் சிதறிக் கிடக்கும் குறிப்புகளைக் கண்டறிதல், அவற்றுக்கு அடைவு செய்தல், அடைவுக்கும் மூலத்துக்கும் முரண் நேராமற் காத்தல் என்பன மொழித்துறையினர் நன்கறிந்த பிரச்சினைகள். அவற்றை நிரலாக்கர் இன்று எவ்வளவு அலட்சியமாகக் கையாளுகின்றனர் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஜாவா மொழியில் எழுதப்படும் ஒரு வகுப்பின் தலைப்பிலோ அதன் செயன்முறை ஒன்றின் தலைப்பிலோ “இது இன்ன வலைமுகவரிக்கு விடையளிப்பது”, “இது இன்ன தரவு அட்டவணைக்குரியது” என்றவாறு சிறு குறி ஒன்றை இடலாம். நிரலாக்கர் ‘அனொட்டேஷன்’ என வழங்கும் இதனை நாம் குறிப்புரை என்போம். வாசகனுக்காக மட்டும் எழுதப்படும் விளக்கக் குறிப்பன்று இது. தொகுப்பான் இதனைத் தொகுக்கப்பட்ட கோப்பினுள்ளேயே பதிந்து வைக்கலாம். பிறிதொரு நிரல் இதனைத் தேடிக் கண்டு, கண்டதற்கேற்பச் செயற்படலாம். ஆகவே குறிப்புரை என்பது தேடப்படுவதற்காகவே எழுதப்படுவது. யார், எப்பொழுது, எவ்வாறு தேடுவது என்பதிலேயே எமது வாதம் தங்கியுள்ளது.

இம்முறை தோன்றியமைக்கு நியாயமான வரலாற்றுக் காரணம் உண்டு. முன்னர், செயலியின் உறுப்புகள் யாவும் எக்ஸ்எம்எல் வடிவிலான மையப் பதிவேடு ஒன்றில் எழுதப்பட வேண்டியிருந்தன. நிரல் ஓரிடத்திலும் அதன் பதிவு வேறோரிடத்திலும் இருந்தமையால், ஒன்றைத் திருத்தியவர் மற்றதை மறந்தார். பதிவேடோ நீண்டுகொண்டே சென்றது. 2004 இல் வெளிவந்த ஜாவா 5 குறிப்புரைகளை மொழியின் உறுப்பாக்கியது. 2007 இல் ஸ்பிரிங் 2.5 குறிப்புரை இடப்பட்ட வகுப்புகளைத் தானே தேடிக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2009 இல் வந்த சேர்வ்லெற் 3.0 தரமோ மையப் பதிவேடு இல்லாமலே வலைச் செயலியை அமைக்க வழிவகுத்தது. பதிவு, பதியப்படும் பொருளின் அருகே வந்து சேர்ந்தது. இது முன்னேற்றமே, இதனை நாம் மறுக்கவில்லை.

ஆயின், ஒரு முரண்பாட்டைத் தீர்த்த மாற்றம் இன்னொன்றைப் பிறப்பித்தது. பதிவேடு இருந்தபோது சேவையகம் அதனைப் படித்தாற் போதும். பதிவேடு போன பின்னர், குறிப்புரை எங்கே உள்ளது என்பது எவருக்கும் தெரியாது. எனவே எல்லாவற்றையும் திறந்து பார்க்கவேண்டியதாயிற்று. செயலியின் சொந்த வகுப்புகளை மட்டுமன்றி, அதனுடன் சேர்த்துக் கட்டப்பட்ட ஒவ்வொரு ஜார் கோப்பையும் விரித்து, உள்ளிருக்கும் வகுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கும் வேலை, செயலி தொடங்கும் ஒவ்வொரு முறையும் நடைபெறுகின்றது. நேற்றுப் பார்த்ததையே இன்றும் பார்க்கின்றது. இரண்டுக்குமிடையே ஓர் எழுத்தும் மாறவில்லை. புத்தகம் கேட்டு வருபவர் ஒவ்வொருவருக்காகவும் தட்டிலுள்ள நூல்கள் அனைத்தையும் இறக்கிப் புரட்டும் நூலகரை எந்தப் பல்கலைக்கழகமாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுமா?

இதனை நாம் அனுபவவாயிலாகவே அறிந்தோம். எம்முள் ஐவர் சேர்ந்து, நூற்கடன் பதிவுக்கான சிறு வலைச் செயலி ஒன்றைப் பாட வேலைத்திட்டமாகச் செய்தோம். எம்மிடமிருந்தது நான்கு ஜிகாபைற் நினைவகமுள்ள பழைய மடிக்கணனி. ஒரு வரியைத் திருத்திவிட்டுச் சேவையகத்தை மீண்டும் தொடக்கினால், சிற்றுண்டிச்சாலைக்குச் சென்று தேநீர் அருந்தித் திரும்பலாம் என்ற நிலை. யாரைக் கேட்டபோதிலும் கிடைத்த புத்திமதி ஒன்றே: “புதிய கணனி வாங்குங்கள்.” வாங்கும் வசதி எமக்கிருந்திருப்பின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. வேறு வழியின்றிச் சேவையகத்தின் நாட்குறிப்பை வாசித்தோம். தேவையற்ற ஜார் கோப்புகளைத் தேடாது விட்டால் தொடக்கநேரம் குறையும் என ரொம்கற் சேவையகம் அதிலேயே எழுதி வைத்திருந்தது. அது கூறியது குறிச்சொல் விபரிப்புகளுக்கான தேடலைப் பற்றியே எனினும், குறிப்புரைத் தேடலுக்கும் அது பொருந்தும். நாம் எழுதிய வகுப்புகள் நாற்பதுக்கும் குறைவு; சேர்த்திருந்த ஜார் கோப்புகளோ அறுபதுக்கு மேல். அவற்றுட் பல, யாரோ ஒருவரின் உதாரணத்திலிருந்து காரணமறியாது பிரதி செய்யப்பட்டவை. வேண்டாதவற்றை நீக்கி, எஞ்சியவற்றிற் குறிப்புரை இல்லாதனவற்றைத் தேடாதொழியும் பட்டியலிற் சேர்த்தோம். தொடக்கநேரம் பாதியிலும் குறைந்தது. புதிய கணனி வாங்கச் சொன்னவர்களில் ஒருவரேனும் நாட்குறிப்பை வாசிக்கச் சொல்லவில்லை.

எமது நிலைப்பாட்டுக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று.

“தேடுதல் இப்பொழுது விரைவானது; வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றாமலே தேடமுடியும்” என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. வகுப்பொன்றை ஏற்றித் தொடக்கினால் அதன் தொடக்கக் கட்டளைகளும் இயங்கிவிடும். அதனைத் தவிர்த்து, தொகுக்கப்பட்ட கோப்பின் பைற்றுகளை மட்டும் வாசித்துக் குறிப்புரையை அறிவது சிறந்த வழியே. ஸ்பிரிங் இதற்காக ஏஎஸ்எம் என்னும் நூலகத்தையும், ரொம்கற் பிசெல் என்பதையும் பயன்படுத்துகின்றன. ஆயினும் பக்கங்களை விரைவாகப் புரட்டக் கற்றுக்கொண்டமை, எல்லாப் பக்கங்களையும் புரட்டுவதற்கு நியாயமாகாது.

“சேவையகம் நாட்கணக்கில் இயங்குவது, தொடக்கத்திற் சில வினாடிகள் வீணானால் என்ன?” என்பது இரண்டாவது. இது பழைய காலத்து வாதம். இன்று மேகக்கணிமையிற் செயலிகள் வேண்டும்போது எழுப்பப்பட்டு வேண்டாதபோது அணைக்கப்படுகின்றன. எழும் ஒவ்வொரு முறையும் பயனாளர் காத்திருக்கின்றார். பல இடங்களில் அந்நேரத்துக்குக் கட்டணமும் அறவிடப்படுகின்றது. செயலியை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றும் கிறால்விஎம் முறையில், இவ்வாறு வகுப்புகளை இயக்கவேளையிற் சுற்றித் தேடுவதற்கு இடமே இல்லை. மேலும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் செயலியை மீண்டும் தொடக்கும் மாணவனின் நேரத்தை இவ்வாதிகள் நேரமாகவே கணிப்பதில்லை.

மூன்றாவதே வலிமையுடையது: “அடைவு பழுதடையும்; மூலம் மாற, அடைவு மாறாது நிற்கும்.” பழைய பதிவேடு வீழ்ந்தது இக்காரணத்தாலன்றோ? ஆம். ஆனால் அப்பதிவேட்டை எழுதியது மனிதனின் கை. நாம் வேண்டுவது, நிரல் தொகுக்கப்படும்போது குறிப்புரைகளிலிருந்து தானாகவே பிறக்கும் அடைவு. 2006 இல் வெளிவந்த ஜாவா 6 தொகுப்புவேளையிற் குறிப்புரைகளை ஆராய்வதற்கான பொதுமுறையைத் தந்துவிட்டது. ஜான்டெக்ஸ் என்னும் கருவி குறிப்புரைகளுக்கு அடைவு செய்து ஜார் கோப்பினுள்ளேயே வைக்கின்றது. 2017 இல் ஸ்பிரிங் 5.0 தனக்கென ஓர் அடைவுக் கருவியைச் சேர்த்தது. 2018 இல் வந்த மைக்ரோநோட், 2019 இல் வந்த குவாக்கஸ் ஆகியவை இத்தேடலைத் தொகுக்கும் வேளைக்கே நகர்த்தின. குறிப்புரை பொருளின் அருகே இருக்கின்றது. அடைவோ ஓரிடத்தில் இருக்கின்றது. பழையதன் ஒழுங்கும் புதியதன் அண்மையும் இங்கு இணைகின்றன.

எனினும் ஓர் அபாயத்தை மறைத்தல் நேர்மையன்று. அரைகுறை அடைவு, அடைவின்மையிலும் கேடானது. ஸ்பிரிங் அடைவைக் கண்டால் அதனையே நம்பும். சில பகுதிகளுக்கு மட்டும் அடைவு செய்யப்பட்டிருப்பின் ஏனையவற்றிலுள்ள வகுப்புகள் சத்தமின்றி விடுபடும். இதற்காகவே அடைவைப் புறக்கணிக்கச் சொல்லும் தெரிவொன்றும் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அடைவு செய்வதாயின் முழுமையாகச் செய்தல் வேண்டும். இதற்கு வேண்டியது தம் செயலியில் எவை உள்ளன என்னும் அறிவு. அவ்வறிவைத் தவிர்ப்பதற்காகவே பலர் தேடலைத் தஞ்சமடைகின்றனர் என்பது எமது குற்றச்சாட்டு.

உண்மையில் நேரத்தினும் பெரிய நட்டம் இதுவே. எல்லாவற்றையும் இயந்திரம் தேடிக்கொள்ளும் என்றிருப்பவன், தன் செயலியில் எந்த வலைமுகவரிகள் திறந்திருக்கின்றன என்று கேட்டால் விழிக்கின்றான். பிறர் தந்த ஜார் கோப்பொன்றில் இடப்பட்ட குறிப்புரை, அவன் அறியாமலே அவனுடைய செயலியில் ஒரு வாயிலைத் திறக்கக்கூடும். குறிப்புரைகளைத் தேடவேண்டாம் எனப் பதிவேட்டில் ஒரு சொல்லால் அறிவிக்கும் உரிமையைச் சேர்வ்லெற் தரம் அளித்திருந்தும், அதனை அறிந்தோர் எம் வகுப்பில் மிகச் சிலரே. தன் வீட்டு வாயில்களின் எண்ணிக்கையை அறியாதவன் காவலைப் பற்றிப் பேசுவது எவ்வாறு?

எனவே நாம் வேண்டுவன இவை: தேடலுக்குரிய பொதிகளைக் குறுக்கிப் பெயர்சுட்டிக் கூறுக. பயனற்ற ஜார் கோப்புகளைக் களைக. இயலுமிடமெல்லாம் அடைவைத் தொகுப்புவேளையில் முழுமையாக ஆக்குக. ஆக்கிய அடைவை இயந்திரத்துக்கு மட்டும் விட்டுவிடாது நாமும் ஒருமுறை வாசிக்குக. இவற்றுள் ஒன்றுக்கேனும் புதிய கணனி வேண்டியதில்லை. வசதி குறைந்த எமது ஆய்வுகூடங்களிற் பயில்வோர் இதனை ஏனையோருக்கு முன்னரே கற்றிருத்தல் வேண்டும். கற்பிப்போர் அதனைக் கற்பிக்காது வன்பொருட் கடையின் வழியைக் காட்டுவார்களாயின், அது வறுமையின் குற்றமன்று, வாசியாமையின் குற்றம்.