கப்பலோடு தப்பிய அடிமை

1862-ம் ஆண்டு மே 13-ந் தேதி. அதிகாலை 3 மணி இருக்கும்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. அடிமைகளை விட மாட்டோம் என்று தென் மாநிலங்கள் தனியாகப் பிரிந்து நின்றன. வட மாநிலங்கள் அவற்றோடு போரிட்டன.

தெற்கே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் "பிளாண்டர்" என்ற நீராவிக் கப்பல் நின்றது. தென்படைக்குப் பீரங்கி ஏற்றிச் செல்லும் கப்பல் அது. அன்று இரவு காப்டனும் மற்ற வெள்ளை அதிகாரிகளும் கரைக்குப் போய் விட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் அடிமைகள் மட்டுமே.

அவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. சுக்கான் பிடிப்பது அவர் வேலை. சம்பளத்தில் பெரும் பகுதி எஜமானுக்குப் போய்விடும். மனைவி ஹன்னாவும் அடிமைதான். அவளுக்கு எஜமான் வேறு. மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கி விடுதலை செய்ய 800 டாலர் கேட்டார்கள். ஸ்மால்ஸ் கையில் இருந்தது 100 டாலர்!

வைக்கோல் தொப்பி

காப்டனின் வைக்கோல் தொப்பியை ஸ்மால்ஸ் தலையில் வைத்துக் கொண்டார். கப்பல் மெல்லப் புறப்பட்டது. வழியில் ஒரு துறையில் மனைவி மக்களையும், மற்ற குடும்பங்களையும் ஏற்றிக் கொண்டார். பிடிபட்டால் கப்பலை மூழ்கடித்து எல்லோரும் செத்து விடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

வழியில் ஐந்து கோட்டைகள். ஒவ்வொன்றிலும் பீரங்கி. ஸ்மால்ஸ் காப்டனைப் போலவே மேல்தட்டில் நின்றார். கடைசிக் கோட்டை சம்டர். அங்கே கப்பல் சங்கை ஊதிச் சரியான சைகை கொடுத்தார். காவலர்கள் வழி விட்டார்கள்.

பீரங்கிக்கு எட்டாத தூரம் வந்ததும் கொடியை இறக்கி, வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார். எதிரே நின்ற வடபடைக் கப்பல் சுடுவதற்குத் தயாராக இருந்தது. நல்ல வேளை, விரிப்பைப் பார்த்து விட்டார்கள்!

சர்க்கார் அவருக்கு 1,500 டாலர் பரிசு கொடுத்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. இன்றும் ஸ்மால்ஸ் என்றால் இந்த ஓர் இரவைத்தான் சொல்கிறார்கள். 2023-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க் கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதில் தவறு இல்லை. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் கடலில் நடக்கவில்லை.

25 வயதில் எழுத்து

கப்பலை ஓட்டிய அந்த இரவில் ஸ்மால்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. தென் கரோலினா மாநிலத்தில் 1834-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் வெள்ளையருக்கு அபராதமும் சிறையும், கறுப்பருக்குக் கசையடி.

1864-ல் "பிளாண்டர்" பழுது பார்ப்பதற்காக பிலடெல்பியாவுக்குப் போயிற்று. மாதக் கணக்கில் அங்கே நின்றது. அப்போது ஆசிரியர் வைத்துப் படித்தார் ஸ்மால்ஸ். வயது 25. குழந்தைகளுக்குத் தகப்பன். போரில் பெயர் எடுத்தவர். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வெட்கப்படவில்லை.

போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. 1868-ல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடினார்கள். கூடிய இடம் எது தெரியுமா? அதே சார்ல்ஸ்டன்! ஸ்மால்ஸும் ஓர் உறுப்பினர். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். கறுப்புக் குழந்தை, வெள்ளைக் குழந்தை என்ற பேதம் அதில் இல்லை. இலவசப் படிப்பு சட்டத்தில் ஏறியது.

பிறகு ஐந்து முறை பாராளுமன்றம் போனார். இடையில் ஒரு லஞ்ச வழக்கு. 1877-ல் தண்டனை, 1879-ல் மன்னிப்பு. பியூபோர்ட் ஊரில் எஜமானின் வீடு வரி பாக்கிக்காக ஏலம் போனபோது அதையும் அவரே வாங்கினார். அந்த வீட்டின் பின்புறத்துக் குடிசையில்தான் அவர் பிறந்தார்.

மீண்டும் ஒரு சட்டம்

1895-ல் வெள்ளையர் கை ஓங்கியது. மறுபடி அரசியல் சட்டம் எழுதினார்கள். ஓட்டுப் போட வேண்டுமா? அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்து எழுதிக் காட்டு. அல்லது 300 டாலர் சொத்தைக் காட்டு. சோதிக்கிறவர் வெள்ளை அதிகாரி.

படித்தவனுக்கே ஓட்டு என்றால் சிலருக்கு நியாயமாகத் தோன்றும். படிக்க விடாமல் கசையால் அடித்தது யார்? அதே கூட்டம்தான் இப்போது "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டது. இதைவிடப் பெரிய மோசடி உண்டா?

56 வயது ஸ்மால்ஸ் சபையில் எழுந்து எதிர்த்தார். தோற்றார். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்து விட்டார்.

1915-ல், எஜமானிடமிருந்து வந்த அந்த வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. ஓட்டுக்கான எழுத்துப் பரீட்சையைத் தென் கரோலினாவில் நிறுத்தியது 1965-ல் வந்த சட்டம்.