இ.சி.ஜி. நார்மல்... ஆனா நெஞ்சு இறுகுதே!

இரவு பதினொன்றரை மணி. பாத்திரம் கழுவி, பால் உறை ஊற்றி, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு எங்கே புரட்டுவது என்று யோசித்தபடி படுத்தால், நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது. மூச்சு பாதி வரைதான் போகிறது. எழுந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தாலும் போதவில்லை. விரல் நுனிகள் மரத்துப் போகின்றன, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது. “கேஸா இருக்கும், கொஞ்சம் ஓமத்தண்ணி குடிம்மா” என்கிறார் மாமியார். கணவர் பதறி ஆட்டோ பிடிக்கிறார். மருத்துவமனையில் இ.சி.ஜி. நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல். “ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த ‘ஒண்ணும் இல்ல’தான் பல பெண்களைப் புண்படுத்துகிறது. ஏதோ நடித்துவிட்டு வந்தது போல வீட்டில் ஒரு பார்வை வேறு! ஆனால், வந்த இறுக்கம் நிஜம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் பலருக்கு நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் வந்ததை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் விரிவாக எழுதினார். அவர்களில் பலரது இதயத்தில் நோய் எதுவும் அகப்படவில்லை. போர்முனைக்குப் போனவர்களுக்கே வந்தது, மாதக் கடைசியில் நிற்பவர்களுக்கு வராதா?

கவலை வந்ததும் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தோள், கழுத்து, விலா இடுக்குத் தசைகள் இறுகுகின்றன. மூச்சுக்கு முக்கியத் தசையான உதரவிதானம் ஒதுங்கிக்கொள்ள, மேல் நெஞ்சால் மட்டும் குட்டிக் குட்டியாக மூச்சு வாங்குகிறோம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை போதும். அதைத் தாண்டி வாங்கிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. மரமரப்பும் தலைசுற்றலும் அதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுக்கிறோம். உண்மையில் உள்ளே காற்று அதிகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் முதல் வேலை மூச்சை இழுப்பதல்ல, வெளியே விடுவது. சூடான காபியை ஆற்ற ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். பிறகு மூக்கு வழியே நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நெஞ்சில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. வயிற்றுக் கைதான் உயர வேண்டும். பிடிபடவில்லை என்றால் படுத்துக்கொண்டு, அரைக் கிலோ பருப்பு பாக்கெட்டை வயிற்றில் வைத்து அது ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, நாள் முழுக்கத் தொப்பையை உள்ளிழுத்தே பழகியவர்களுக்கு இது முதலில் வராது. நாடாவைத் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடலாம். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அது ஆபத்து.

வீட்டில் பெருமூச்சு விட்டால் பெரியவர்கள் அதட்டுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு பெருமூச்சுக்கு ஆதரவாக நிற்கிறது. இரண்டு தவணையாக மூச்சை நிறைத்து, நீளமாக விடும் பயிற்சியைத் தினமும் 5 நிமிடம், ஒரு மாதம் செய்தவர்களுக்கு மனநிலை மேம்பட்டது, மூச்சின் வேகமும் குறைந்தது. குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரம்தான். ஆனால், திணறும்போது மட்டும் செய்தால் கை கொடுக்காது. நிம்மதியாக இருக்கும் நேரத்திலேயே பழகியிருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னது, இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, இடது கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ, குப்பென்று வியர்த்து வாந்தி வந்தாலோ ஓமத்தண்ணியும் வேண்டாம், மூச்சுப் பயிற்சியும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பெரிய வலி இல்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவும் அசதியாகவும்கூட வரும். ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு. முதல் இ.சி.ஜி.யில் தெரியாமல் போவதும் உண்டு என்பதால், வலி திரும்பினால் கூச்சப்படாமல் திரும்பவும் போக வேண்டும்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பாருங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ‘டென்ஷன்’ என்ற பெயரில் அதுவும் கவனிக்கப்படாமல் போகிறது.

மூச்சுப் பயிற்சி ஸ்கூல் ஃபீஸைக் கட்டிவிடாது. இறுக்கம் அடிக்கடி வந்து தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், மனநல மருத்துவரிடம் போகலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.